ஒட்டிய ஈறும் அண்ணத்துப் புண்ணும்

ஈறு இறங்கியதால் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இன்று 4-ஆம் நாள். ஒட்டிய இடத்தைவிட அண்ணத்தில்தான் உயிர் போகிறது. ஒட்டிய சதையும் வெளுத்துக் கிடக்கிறது. அழுகிவிட்டதா?
- வாசகி, திருச்சி

இந்தக் கட்டத்தில் வெளுப்பது வழக்கம்தான், பயப்படாதீர்கள். அடியிலிருந்து புது ரத்தக்குழாய்கள் வந்து சேரும்வரை ஒட்டுச் சதையின் மேல்தோல் வெளுத்து உரியும். பிறகு மெல்ல இளஞ்சிவப்பு தட்டும். கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறீர்கள், இல்லையா? அதை முதலில் நிறுத்துங்கள். தையல் இழுபட்டு ஒட்டு நகர்ந்தால்தான் நிஜமான சிக்கல்.

அண்ணம் வலிப்பதில் நியாயம் இருக்கிறது. அது திறந்து கிடக்கும் பச்சைப் புண். மூடிக்கொள்ள 2 முதல் 4 வாரம் ஆகும். வலி ஏறிய பிறகு மாத்திரையைத் தேடாமல், டாக்டர் எழுதிய நேரத்துக்கு, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். ஆறவைத்துக் குழைத்த தயிர் சாதம் போதும், ஊறுகாய் இல்லாமல். சூடான ரசத்துக்குக் கொஞ்ச நாள் லீவு. ஸ்ட்ரா வேண்டாம்; உறிஞ்சினால் ரத்தம் கசியும். ஒட்டிய இடத்தில் பிரஷ் படக்கூடாது. மவுத்வாஷை வேகமாகக் கொப்பளிக்காமல், வாயில் வைத்திருந்து மெல்லச் சாய்த்துவிடுங்கள். கிராம்புத் தைலம் தடவச் சொல்லும் பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு கும்பிடு போடுங்கள். பச்சைப் புண்ணில் அது எரியும்.

அண்ணத்தில் ரத்தம் கசிந்தால், நனைத்து ஆறவைத்த டீ பையை 20 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.