கண் சிவந்தால் கடையில் சொட்டு மருந்து வாங்கலாமா?



கரும்பும் நெல்லும் விளையும் மோகனூர்ப் பகுதியில், கண்ணில் சோகை கீறுவதும் மண் விழுவதும் வழக்கம். பலருக்கு அது இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். உடலில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் அப்படி நினைத்து இருந்துவிடக் கூடாது.

யாருக்கு அதிக கவனம் தேவை?

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மூட்டுவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ பல மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்.

நோகார்டியா என்ற கிருமி

இது மண்ணில் வாழும் பாக்டீரியா. 1888இல் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோகார் மாடுகளில் கண்டறிந்தார். இது இரண்டு வழியில் கண்ணைத் தாக்கும். கீறல் வழியாகப் புகுந்து கருவிழியில் புண் உண்டாக்கும்; இது நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கும் வரும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கண்ணின் உள்ளே சீழ்க்கட்டி வைக்கும். இதற்குக் கண்ணில் அடிபட்டிருக்கவே வேண்டாம். மூளைக்கும் பரவக்கூடும்.

நுண்ணோக்கியில் இது பூஞ்சைக் காளான் போல இழை இழையாகத் தெரியும், மெதுவாகத்தான் வளரும். அதனால்தான் புண்ணைச் சுரண்டி எடுத்துப் பல நாள் வளர்த்துப் பார்க்கிறார்கள். ரிசல்ட் தாமதமானால் பொறுமை இழக்காதீர்கள்.

ஸ்டீராய்டு சொட்டு ஏன் ஆபத்து?

அது சிவப்பையும் வலியையும் குறைக்கும். கிருமியைக் கொல்லாது. கருவிழிப் புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மருந்தோடு ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்தால் பலன் உண்டா என்று அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க மருத்துவர்களும் 500 பேரிடம் ஆய்வு செய்தார்கள். 2012இல் வந்த முடிவில், மொத்தத்தில் பார்வை கூடுதலாகத் தேறவில்லை. நோகார்டியா இருந்தவர்களுக்குத் தழும்பு பெரிதானது. மருத்துவர் கண்காணிப்பிலேயே இப்படி என்றால், மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதை எண்ணிப் பாருங்கள்.

சிகிச்சை என்ன?

கருவிழிப் புண்ணுக்கு அமிகாசின் சொட்டு மருந்து. முதலில் மணிக்கு ஒரு முறை, இரவிலும் விட வேண்டியிருக்கும்; ஆற வாரக்கணக்கில் ஆகும். கண்ணின் உள்ளே பரவியிருந்தால் கண்ணுக்குள் ஊசி, சில சமயம் அறுவை சிகிச்சை, அதோடு கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துகள் பல மாதம். நுரையீரலுக்கும் மூளைக்கும் ஸ்கேன் எடுப்பார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. சிவப்போடு வலி, வெளிச்சம் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.
2. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.
3. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.
4. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், ஒளு, தயம்மும் பற்றி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
5. ரமலானில் பகல் சொட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது.

உங்கள் வீட்டில் இப்படி மருந்து எடுப்பவர் இருந்தால், இதை இன்றே அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அல்லாஹ் அனைவருக்கும் நலம் தருவானாக, ஆமீன்.