தொட்டி லில்லிகள் செழிக்காமைக்குக் காரணமும் பரிகாரமும்

பாடசாலை முகப்பிலும், ஊராட்சி அலுவலக வாயிலிலும், குடியானவர்களின் வீட்டு முற்றங்களிலும் லில்லிச் செடிகளைத் தொட்டிகளில் வைத்து வளர்ப்பது வழக்கமாயிருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூடாரங்களில் இவற்றை வியாபாரத்துக்காகப் பயிர்செய்வோரும் உளர். அன்னோருக்குக் கிழங்கின் விலையே செலவில் பெரும்பங்காகும். செடி குன்றி இலை மஞ்சளித்தவுடன், அதற்குப் பசியென்று எண்ணி எருவையும், தாகமென்று எண்ணி ஜலத்தையும் மிகுதியாக விடுவோர் பலர். இதனால் பெரும்பாலும் கேடே விளைகிறது. குறி இலையில் தோன்றினும் நோயின் மூலம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளே இருக்கிறது. ஆகையால், எருவிடுமுன் கிழங்கைப் பார்க்கவேண்டும் என்பதே முதல் விதி.

1. கிழங்கின் வகையை அறிதல்

லில்லி என்னும் ஒரே பெயரால் பல வேறு செடிகள் வழங்குகின்றன. ஒன்றுக்குரிய பக்குவம் மற்றொன்றுக்குத் தீங்காகும். மெய்யான லில்லியின் கிழங்கு, பூண்டுப் பல்போன்ற சதைப்பற்றுள்ள செதில்கள் அடுக்கப்பெற்றது. மேலே காய்ந்த தோல் போர்த்திராது. ஆகையால் வெளியில் கிடந்தால் விரைவில் வாடிவிடும், வாங்கியவுடன் நடவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் இயற்கையாக வளரும் நீலகிரி லில்லியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. சமவெளித் தோட்டங்களில் எக்காளம்போன்ற பெரிய சிவந்த மலர் தரும் ஹிப்பியாஸ்ட்ரம் வேறு குடும்பத்தது. அதன் கிழங்கு வெங்காயம்போல் மெல்லிய தோல் போர்த்தது. மழை லில்லியின் கிழங்கும் இத்தகையதே. உருவில் மட்டும் சிறியது.

மெய்யான லில்லி குளிர்ச்சியை வேண்டுவது. சமவெளியில் நட்ட கிழங்கு முதலாண்டு பூத்து மறு ஆண்டு மெலிந்துபோவதற்கு வெப்பமே முக்கிய காரணம். இதற்கு எரு பரிகாரமாகாது. சமவெளியிலுள்ளோர் ஹிப்பியாஸ்ட்ரத்தையும் மழை லில்லியையும் வளர்ப்பதே சிலாக்கியம்.

2. நட்ட ஆழம்

மெய்யான லில்லி, கிழங்கின் அடியில் மட்டுமன்றி, கிழங்குக்கு மேலே மண்ணுள் இருக்கும் தண்டிலும் வேர் விடும். தண்டு வேர்களே வளரும் செடிக்கு உணவில் பெரும்பகுதியை ஈட்டித் தருவன. ஆகையால் கிழங்கின்மேல் 4 முதல் 6 அங்குலம் மண் இருத்தல் வேண்டும். தொட்டியும் 12 அங்குலத்துக்குக் குறையாத ஆழமுடையதாயிருத்தல் நன்று. மேலாக நட்ட செடி உயரமின்றி மெலிந்து சாயும்.

ஹிப்பியாஸ்ட்ரத்துக்கு முறை நேர்மாறானது. கிழங்கில் மூன்றிலொரு பங்காவது மண்ணுக்குமேல் தெரியவேண்டும். கழுத்துவரை புதைத்தால் ஜலம் தங்கி அழுகும். தொட்டியும் கிழங்கைவிட இரண்டு அங்குலமே அகன்றிருந்தால் போதும்.

3. வேரைப் பரிசோதித்தல்

வாடிய செடியின் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, மெல்லத் தட்டி, மண்கட்டி உடையாமல் வெளியே எடுக்கவேண்டும். வேர் வெளுத்து உறுதியாயிருந்தால் கிழங்கு நலமாயிருக்கிறது. வேர் பழுப்பேறிக் கையோடு வருமாயின், அல்லது கிழங்கின் அடித்தட்டு கறுத்து மிருதுவாயிருந்தால், அது அழுகல் வியாதி. நீர் தேங்கிய மண்ணில் பூஞ்சணங்கள் பெருகி இதனை உண்டாக்குகின்றன.

ஹிப்பியாஸ்ட்ரம் சிறிதளவே அழுகியிருப்பின், வெண்சதை தோன்றும்வரை கத்தியால் அரிந்து, கந்தகத்தூள் தடவி, நிழலில் இரண்டொரு நாள் உலர்த்திப் புதுமண்ணில் நடலாம். மெய்யான லில்லியின் அடித்தட்டு அழுகிவிட்டால் அக்கிழங்கைக் காப்பது அரிது. ஆயினும் களங்கமற்ற செதில்களைப் பிரித்து, ஈரமணலில் பதித்து வைத்தால், சில வாரங்களில் அவற்றின் அடியில் சிறு கிழங்குகள் தோன்றும். அவை பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அழுகிய பகுதியையும் பழைய மண்ணையும் எருக்குழியில் இடலாகாது. வியாதி தோட்டம் முழுவதும் பரவும். ஹிப்பியாஸ்ட்ரக் கிழங்கு விஷமுள்ளதாகையால் ஆடுமாடுகள் மேயுமிடத்திலும் எறியலாகாது.

4. மண்ணும் ஜலமும்

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையெரு ஒரு பங்கு சேர்ந்த கலவை ஏற்றது. பச்சைச் சாணம் கூடாது. தொட்டியின் அடித்துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டை வளைவாக வைத்து மண் இடவேண்டும். தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் நிறுத்துக. அடியில் ஜலம் நிற்கும் தட்டு வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் செலுத்தி, உலர்ந்திருந்தால் மட்டும் ஜலம் விடுக.

வேர் நலமாயிருந்தும் இளந்தளிர் வெளுத்து, நரம்புமட்டும் பச்சையாயிருந்தால், மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து இரும்புச் சத்து கிட்டவில்லையென்று அறியலாம். காரை ஒட்டிய செங்கல் துண்டுகளை வடிகாலுக்கு இடுவதும், சுண்ணாம்பு மிகுந்த கிணற்று ஜலமும் இதற்குக் காரணமாகும். 1 லிட்டர் ஜலத்தில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளித்தால் குணமுண்டாகும்.

5. இலைகளில் காணும் குறிகள்

இலையில் நீள்வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அது ஈரக்காற்றினால் பரவும் பூஞ்சண வியாதி. அத்தகைய இலைகளைக் கிள்ளி எரித்து, தொட்டிகளை இடைவெளிவிட்டு வைத்து, இலை நனையாமல் வேரில்மட்டும் ஜலம் விடவேண்டும். வெளிறிய கோடுகளும் திட்டுகளும் படிந்து இலை முறுக்கிக்கொண்டால், அது அசுவினிப் பூச்சியால் பரவும் நச்சுயிரி நோய். இதற்கு மருந்தில்லை. ஒரு செடியின்மேல் இரக்கங்கொண்டு அதனை வைத்திருப்பவர் எஞ்சிய செடிகளையும் இழக்க நேரிடும். ஆகையால் கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுக. கருநிற உடலில் வெண்மையும் செம்மையுமான புள்ளிகளுடைய புழுக்கள் கூட்டமாக இலையைத் தின்னுமாயின், காலையில் கையால் பொறுக்கி அழிப்பதே எளிய வழி.

6. பூத்த பின்னர்

மலர் வாடியவுடன் இலைகளையும் அறுத்துவிடுவது அடுத்த ஆண்டின் பூவை இன்றே அறுப்பதாகும். பசிய இலைகளே கிழங்குக்கு உணவு சேர்ப்பவை. வாடிய பூவை மட்டும் நீக்கி, இலை தானாகப் பழுக்கும்வரை காத்தல் வேண்டும். நலமுள்ள செடிக்கு மக்கிய எரு இடுவதற்கு ஏற்ற காலமும் இதுவே.

சுருங்கக் கூறின், வகையை அறிதல், ஆழத்தை அளத்தல், வேரைப் பார்த்தல், மண்ணைத் திருத்துதல், பின்னரே எருவிடுதல் என்னும் இவ்வரிசை தவறாமல் நடப்போருக்குக் கிழங்கும் பணமும் வீணாகா. ஊராட்சி, பாடசாலைத் தொட்டிகளைப் பராமரிக்கும் ஊழியர்க்கும் கிராம அதிகாரிகள் இம்முறையை எடுத்துக் கூறுவது நலம்.