நம்பிக்கையும் டோபமின் சுரக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

நரம்பியல் மேற்படிப்பு முடிந்ததும் பார்க்கின்சன் நோயில் கன்னாபினாய்டு ஏற்பிகளை ஆராயப்போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல இடம். ஆனால் கால் வழுக்கும் இடம்.

ஆசைப்பட நியாயம் உண்டு. 1990இல் மரபணு அளவில் இனங்காணப்பட்ட சிபி1 என்ற கன்னாபினாய்டு ஏற்பி, உடல் அசைவுகளைச் சீராக்கும் பேசல் கேங்கிலியாவில் அடர்ந்து கிடக்கிறது. பார்க்கின்சனில் டோபமின் வற்றுவதால் தடுமாறுவதும் அதே சுற்றுதான். 1993இல் வெளிப்பட்ட சிபி2, பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கிறது. ஒன்றால் அசைவைச் சீராக்கலாம், மற்றதால் மூளையின் அழற்சியைத் தணிக்கலாம் என்று காகிதத்தில் அழகாகப் படம் போட்டுவிடலாம்.

நோயாளியிடம் வந்தால் படம் கலைகிறது. 2001இல் 7 பேருக்கு நாபிலோன் என்ற செயற்கைக் கன்னாபினாய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவால் வந்த கட்டுக்கடங்கா அசைவுகள் குறைந்தன. 2004இல் 19 பேரைச் சேர்த்து, கஞ்சாச் சாற்றைப் போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள், பலன் தெரியவில்லை. நாபிலோன் சிபி1ஐத் தூண்டுவது. சிபி1ஐ அடைக்கும் ரிமோனபான்ட்டையும் சோதித்தார்கள்; அதுவும் உதவவில்லை. தூண்டுவதா அடைப்பதா என்ற கேள்வியே இன்னும் தீரவில்லை, தம்பி.

இந்த நோய்க்கு இன்னொரு குணமும் உண்டு. 2001இல் வான்கூவர் ஆய்வாளர்கள் பெட் ஸ்கேனில் கண்டது இது: மருந்து என்று எதிர்பார்த்துப் போலியைப் பெற்ற நோயாளிகளின் மூளையிலும் டோபமின் சுரந்தது. ஆகவே ஒரு மகன் கஞ்சா எண்ணெய்க் குப்பியை மேசையில் வைத்து, "அப்பாவுக்குக் கை நடுக்கம் குறைஞ்சிருக்கு டாக்டர்" என்றால், அவர் பொய் சொல்லவில்லை. சிரித்துவிடாதீர்கள். எவ்வளவு, எப்போது கொடுக்கிறார் என்று கேளுங்கள். பெரியவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பாருங்கள். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா, மனம் குழம்புகிறதா என்று விசாரியுங்கள். லெவோடோபாவை நிறுத்திவிட்டார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் ஆய்விலும் இதே கவனம் வேண்டும். யாருக்கு எது கொடுத்தோம் என்பதை நீங்கள் மறைத்தாலும் போதை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடைசி நாளில் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்குக் கிடைத்தது மருந்தா, போலியா? என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதிந்து வையுங்கள். பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால், நடுக்கம் குறைந்த கணக்கை இன்னொரு முறை சந்தேகத்தோடு பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்