"நீ சாப்டியா அத்தை?"



2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதில் சமைப்பவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். எங்க குழு உறுப்பினர் ஒருவரும் எங்க ஊர்ப் பள்ளியில் சமைக்கிறார். இருட்டோடு எழுந்து போனால்தான் பிள்ளைகள் வருவதற்குள் வேலை முடியும்.

அன்றைக்குப் பொங்கல். ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தட்டோடு வந்து, "அத்தை, மிளகு நெறைய இருக்கு" என்று குறை சொன்னாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவள் திரும்பி வந்து, "நீ சாப்டியா அத்தை?" என்று கேட்டாள்.

"என்னை யாருமே இப்படிக் கேட்டதில்லக்கா" என்று குழுக் கூட்டத்தில் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் குழந்தை 'நன்றி' என்ற வார்த்தையே சொல்லவில்லை. ஆனால் இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

ஒன்று: நமக்குச் செய்தவருக்கும் பசிக்கும், களைப்பு இருக்கும் என்று நினைப்பதுதான் நன்றி.

இரண்டு: நன்றி என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது இல்லை. மிளகு அதிகம் என்றும் சொன்னாள், சாப்பிட்டாயா என்றும் கேட்டாள். நாமும் ஊக்குநரிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கை மட்டுமே கேட்டால் போதுமா?

எங்க ஊக்குநர் போன மாதம், "இனிமே என்னால முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். பாப்பா கதையைக் கேட்டதும் குழுவில் மூத்தவர் அவரைப் பார்த்து, "பேங்குக்குப் போற அன்னிக்கு மத்தியானம் எங்கம்மா சாப்பிடுவே?" என்று கேட்டார்.

"சாப்பிடறதில்லம்மா. கூலியும் போயிடும், கையில காசு இருக்காது."

எல்லோரும் வாயடைத்துப் போனோம். எங்க கடனுக்காக அவர் எத்தனை நாள் பட்டினி கிடந்தாரோ!

அன்றே தீர்மானம் போட்டோம். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் குழு நிதியிலிருந்து தருவது. இனி முறை வைத்து இன்னொரு உறுப்பினரும் கூடப் போவது. ஊக்குநர் விலகவில்லை.

அந்தப் பாப்பாவுக்கு இந்தக் கேள்வி எப்படி வந்தது? வீட்டில் யாரோ அவளைத் தினமும் கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:
1. நம் குழுவுக்காகக் கூலியை விட்டு அலைபவர் யார்?
2. அவர் சாப்பிட்டாரா என்று கேட்டோமா?