உடைந்த வாறுகால் மூடியும் உள்ளாட்சியின் பொறுப்பும்



பஜாரில் எந்த இடத்தில் வாறுகால் சிலாப் ஆடுகிறது, எந்த முக்கில் தெருவிளக்கு எரிவதில்லை, எந்த மரம் பட்டுப்போய் நிற்கிறது என்பதெல்லாம் அதிகாரிகளுக்கு முன்னால் நமக்குத்தான் தெரியும். காலையில் கடை திறந்து இரவு அடைக்கும் வரை அதே தெருவில்தான் நாம் இருக்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் மூட்டை சுமந்து வரும் தொழிலாளியோ, சாமான் வாங்க வந்த பெண்மணியோ விழுந்து கால் முறிந்தால் செலவை யார் ஏற்பது? "பேரூராட்சியின் மேல் கேஸ் போட்டு ஆகப்போவது என்ன?" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி விட்டுவிடச் சொல்லவில்லை. இது சம்பந்தமாக உச்ச நீதிமன்றம் அளித்த மூன்று தீர்ப்புகளை நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மணிக்கூண்டு வழக்கு

டெல்லி சாந்தினி சௌக் கடைவீதியில் இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தனர். கட்டடத்துக்கு வயது சுமார் 80 ஆண்டு. அதில் பூசிய சாந்தின் ஆயுளோ 40, 45 ஆண்டுதான். இறந்தவர்களின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கட்டடம் மாநகராட்சியின் கைவசம் இருந்தது. பராமரித்து வந்த கட்டடம் தானாக இடிந்து விழாது. ஆகவே சம்பவமே கவனக்குறைவைச் சொல்கிறது, தன்மேல் தவறில்லை என்று மாநகராட்சிதான் காட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டு மரங்கள், இரண்டு தீர்ப்புகள்

1975-இல் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் சாலையோர மரம் ஒன்று திடீரென விழுந்து, நடந்து சென்ற ஒருவர் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லின. ஆனால் 1997-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மரம் விழும் என்பது மாநகராட்சி முன்கூட்டி அறியக்கூடியதாக இருந்தது என்று நிலைநாட்டப்படவில்லை என்பது முக்கியமான காரணம்.

1964-இல் டெல்லியில் ஸ்கூட்டரில் சென்ற ஒருவரின் தலையில் மரக்கிளை ஒடிந்து விழுந்து அவர் இறந்தார். இந்த வழக்கில் 1999-இல் அதே உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. அந்த மரம் பட்டையும் இலையும் இல்லாமல் காய்ந்து நின்றது. பார்த்தவர் எவருக்கும் ஆபத்து தெரிந்திருக்கும். குறித்த காலத்தில் மரங்களைச் சோதித்து, காய்ந்ததை அகற்றுவது மாநகராட்சியின் கடமை என்று நீதிமன்றம் கூறியது.

இரண்டு இடத்திலும் மரம்தான், இரண்டு இடத்திலும் மரணம்தான். ஆனால் முடிவு வேறு. "ஆபத்து இருப்பது உள்ளாட்சிக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் வித்தியாசம். இரண்டாவது குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்கலாகாது.

நமக்குள்ள பாடம்

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. வாய்வார்த்தையில் "சிலாப்பை மாற்றுங்கள்" என்று நூறு முறை சொல்லியிருந்தாலும், நாளை நீதிமன்றத்தில் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிடலாம். செயல் அலுவலருக்கு ஒரு மனு எழுதி, அதன் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. விரைவு அஞ்சலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலன் இல்லையென்றால் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். யாரோ ஒரு ஏழைக்கு நாளை இந்தக் காகிதம்தான் சாட்சி.

அடிபட்ட பின் செய்ய வேண்டியவை

1. முதலில் சிகிச்சை. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், எந்த இடத்தில் எப்படி விழுந்தார் என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "தவறி விழுந்தார்" என்று மட்டும் எழுதினால் பின்னால் சிக்கல்.

2. சிலாப்பைச் சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். சம்பவம் நடந்த மறுநாளே புதுச் சிலாப் போட்டுவிடுவார்கள். பார்த்தவர்கள் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

4. இடம் யாருடையது என்று பாருங்கள். நமது ஊர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை வேறு, பேரூராட்சித் தெரு வேறு, மின்வாரியக் கம்பம் வேறு. ஆள் மாறி நோட்டீஸ் விட்டால் காலம் வீணாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அறியலாம்.

5. காலக்கெடு முக்கியம். சட்டப்படியான கடமையைச் செய்யாமல் விட்டதற்கு நஷ்டஈடு கேட்க ஓராண்டுதான் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. விபத்தில் இறந்தவரின் வாரிசுகளுக்கு இரண்டாண்டு. வழக்குக்கு முன் நோட்டீஸ் கொடுக்கவும் காலம் வேண்டும். ஆகவே முதல் மாதத்திலேயே வக்கீலைப் பாருங்கள்.

6. சாதாரணமாக சிவில் வழக்குதான் வழி. கவனக்குறைவு மறுக்க முடியாதபடி இருந்தால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாம். உண்மைகளில் தகராறு இருந்தால் சிவில் கோர்ட்டுக்கே போகச் சொல்வார்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப்பணிகள் குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும்.

சில இடங்களில் முன்னேற்றம் இருக்கிறது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், சாலைக் குழியாலும் திறந்த சாக்கடைக் குழியாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவருக்கு 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரையும் கொடுக்க உத்தரவிட்டது. அது மகாராஷ்டிரத்துக்கான உத்தரவு. ஆயினும் நமது வக்கீல்கள் எடுத்துக்காட்டத் தக்கது.

நமது பங்கு

நஷ்டஈடு கணக்கிடும்போது மருத்துவச் செலவோடு இழந்த வருமானமும் சேரும். சுமை தூக்கும் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. நமது கூலிப் பேரேட்டில் அவர் பெயரும் தொகையும் ஒழுங்காக இருந்தால் அதுவே அவருக்கு ஆதாரம். "தினம் ஐநூறோ என்னமோ கொடுத்தோம்" என்று நாம் சாட்சி சொன்னால் கோர்ட்டில் எடுபடாது. நமது வேலையின்போது அவர் அடிபட்டால் முதலாளியாகிய நம்மீதும் தனியே பொறுப்பு உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லாரியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி வாறுகால் மூடியை உடைப்பவர்களும், கடை கழுவ சிலாப்பைத் தூக்கிவிட்டு மூடாமல் போகிறவர்களும், மூடியின் மேல் டின்களை அடுக்கி ஜனங்களை ரோட்டில் நடக்க வைப்பவர்களும் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒருவர் விழுந்தால் நோட்டீஸ் நம் பெயருக்கே வரும்.

ஆகவே மாதம் ஒருமுறை சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் பஜார் முழுவதும் நடந்து, ஆபத்தான இடங்களைக் குறித்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். நகலைச் சங்க அலுவலகத்தில் தேதிவாரியாகக் கோப்பில் வைக்கலாம். பெரும்பாலும் மனுவைக் கண்டதும் சிலாப் மாறிவிடும். யாரும் விழாமல் இருப்பது நஷ்டஈட்டைவிட மேலானது. மாறாவிட்டால், விழுந்தவர் கையில் ஆதாரமாவது இருக்கும்.