கோடி வீட்டிலும் ஒளி குன்றாதிருக்க

மாலை ஏழு மணியளவில், வரிசையின் கோடியிலுள்ள வீடுகளில் விளக்கு மங்குவதையும் மின்விசிறி தளர்ந்து சுழல்வதையும் நாம் கண்டிருக்கிறோம். மின்தடை ஏதுமில்லை, பின் ஏன் இந்தச் சோர்வு?

எல்லாரும் ஒரே வேளையில் குழாயைத் திறந்தால் கடைசிக் குழாயில் நீர் சொட்டுவது போன்றதே இது. கம்பியின் தடையினால் மின்னழுத்தம் வழியிலேயே சிறிது குறைகிறது. மின்னோட்டம் மிகுந்தால் அந்த இழப்பும் மிகும். மலேசியாவில் 2008ஆம் ஆண்டு முதல் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என வரையறுக்கப்பட்டுள்ளது. அது ஏறத்தாழ 216க்குக் கீழிறங்கலாகாது. 253ஐத் தாண்டவும் கூடாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். அரை ஓம் தடையுள்ள மின்வழியின் தொடக்கத்தில் 240 வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். கோடியிலுள்ள வீடுகள் 60 ஆம்பியர் இழுத்தால், 30 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கிட்டுவது 210 மட்டுமே. 40 ஆம்பியரோடு நின்றாலோ 220 கிட்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்கு மேல் இழுப்பது. ஆகவே ஐந்து வீட்டார் இஸ்திரி போடும் நேரத்தை மாற்றினாலே போதும், இக்குறை நீங்கிவிடும்.

அழுத்தம் குறைந்தால் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் திணறும். மிகுதியாக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். நாளடைவில் கருகவும் கூடும். பழுதுபார்க்கும் செலவு பல நாள் கூலியை விழுங்கிவிடும். குற்றமேதும் செய்யாத கோடி வீட்டார் இந்நட்டத்தைச் சுமப்பது முறையாகுமா?

நமக்கு ஒரு வசதி உண்டு. விடியலிலேயே பால்வெட்டுக்குச் செல்லும் நம்மவர் பலர் பிற்பகலில் வீடு திரும்பிவிடுகின்றனர். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவதையும், சலவை இயந்திரத்தை ஓட்டுவதையும் அப்பொழுதே முடித்துவிடலாம். இரவு ஏழு முதல் பத்து வரை விளக்கு, விசிறி, சமையல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வோம். கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய வீடுகள் மிகுந்த இடங்களில் நண்பகலில் அழுத்தம் ஏறுவதுண்டு. அதைத் தணிக்கவும் பகற்பொழுதுப் பயன்பாடு உதவும்.

இவ்வளவு செய்தும் விளக்கு மங்கினால், எந்தெந்த நேரத்தில் மங்குகிறது என்பதைக் குறித்துவைத்து, தோட்ட நிர்வாகத்திடமோ மின்விநியோக நிறுவனத்திடமோ தெரிவிக்க வேண்டும். மின்மாற்றியைச் சரிசெய்வதும் தடித்த கம்பி இழுப்பதும் அவர்கள் கடமை. ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் நாம், நேரத்தையும் பகிர்ந்துகொள்வோமாக!