பத்து விரலிலும் பஞ்சு

போன மாதம் ஒருநாள் காலை பதினொன்றரைக்கு ஒருவரைக் கைத்தாங்கலாக அவசரப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. பேச்சு இல்லை. பத்து விரல் நுனியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது, காது மடல்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

“எப்ப ஆரம்பிச்சுது?”

“ஆறரைக்கு சார். காப்பி டம்ளர் கையை விட்டு நழுவிடுச்சு.”

வீடு இருபது நிமிடத் தொலைவில்தான். அந்த ஐந்து மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு மகன் செல்போனை நீட்டினார். திறக்காமலே தெரியும். ஊசி வைத்தியம்.

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றிவரும் அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஸ்ட்ரோக் வந்தவரை அசைக்கக் கூடாதாம், அசைத்தால் மூளையின் நுண்குழாய்கள் வெடிக்குமாம். தையல் ஊசியைத் தீயில் காட்டி விரல் நுனிகளில் குத்திப் பிதுக்க வேண்டுமாம். வாய் கோணியிருந்தால் காதைச் சிவக்கச் சிவக்க இழுத்து மடலிலும் குத்த வேண்டுமாம். ஆஸ்பத்திரியெல்லாம் அவர் தெளிந்த பிறகுதானாம்.

கணக்குப் போடுவோம். விரலுக்கு ஒரு சொட்டு, காதுக்கு இரண்டு. மொத்தம் பதினாலு சொட்டு, ஒரு மில்லிகூடத் தேறாது. உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 5 லிட்டர். விரலில் குத்தினால் ஸ்ட்ரோக் ஓடிவிடும் என்றால், தினமும் குளுக்கோமீட்டருக்காகக் குத்திக்கொள்ளும் சர்க்கரை நோயாளியிடம் அது எட்டியே பார்க்கக் கூடாது. மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது!

அடைப்பு எங்கே இருக்கிறது, ஊசி எங்கே குத்துகிறது? கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு என்று நான்கு தமனிகள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் கிட்டத்தட்ட 15 சதவீதத்தை, நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லியை, அதுவே வாங்கிக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு குழாயில் ரத்தக்கட்டி போய் அடைத்தால் அதற்கு அப்பால் உள்ள பகுதி பட்டினி. நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி சாகாமல், வேலையும் செய்யாமல், பக்கத்துக் குழாய்களின் கசிவில் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நாங்கள் காப்பாற்ற ஓடுவது அதைத்தான். பெரிய குழாய் அடைத்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் போவது சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. நீங்கள் சுண்டுவிரலைப் பிதுக்கிக்கொண்டிருக்கும் நிமிடமும் அதில் சேர்த்தி.

ஆகவே ஊசியைவிடக் கொடியது ‘அசைக்காதே’ என்ற வரிதான். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தொடையில் கம்பி நுழைத்துக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம், காப்பாற்ற மூளை மிச்சமிருந்தால். இவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இடப்பக்கத்தில் பெரும்பகுதி கறுத்திருந்தது.

“எங்க மாமாவுக்குக் குத்தினோம், அரை மணியில எழுந்து உக்காந்துட்டார்” என்று யாராவது வருவார்கள். உண்மையாகவே இருக்கும். கட்டி தானாகக் கரைந்து கை கால் பழையபடி வருவது உண்டு. ஊசி குத்தாவிட்டாலும் எழுந்திருப்பார். ஆனால் அது எச்சரிக்கை மணி. அடுத்த இரண்டு நாளில் பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து மிக அதிகம். மாமாவை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா?

ஸ்ட்ரோக் பற்றிய மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மூச்சு விரயம் செய்ய வேண்டாம். புறா ரத்தம் தேய்த்தால் விழுந்த கை எழாது. நோய் மூளையில் இருக்கிறது, தோலில் அல்ல. பாவம் புறா. தலையில் முதலில் தண்ணீர் ஊற்றிக் குளித்தால் பக்கவாதம் என்பது வெறும் பயமுறுத்தல். கிழவர்களுக்குத்தான் வரும் என்பதும் பொய், முப்பது வயதுக்காரர்களையும் பார்க்கிறேன். கை கால் விழுந்தால்தான் ஸ்ட்ரோக் என்பதும் தப்பு. திடீரென்று நாக்கு குழறினாலும், பார்வையில் பாதி மறைந்தாலும், நிற்க முடியாமல் தலை சுற்றினாலும் சந்தேகப்படுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரினும் வேண்டாம். உள்ளே அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எமன். 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு சலூன் விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து ‘மடக்’கென்று கழுத்தை நெட்டி முறிக்கிறார்களே, அது. முதுகெலும்பை ஒட்டி ஏறும் அந்த இரண்டு தமனிகளும் கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள் புகுந்துதான் மேலே போகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது உட்சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம். அபூர்வம்தான். ஆனால் இளவயதில் வரும் ஸ்ட்ரோக்குகளில் கழுத்துத் தமனிக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம். கழுத்தில் கை வைக்க வேண்டாம் என்று போன வாரம் என் சலூன்காரரிடம் சொன்னேன்.

“இருபது வருஷமா பண்றேன் சார், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை.”

கிழிசலுக்குப் பிறகு ஸ்ட்ரோக் அன்றைக்கே வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். வந்தவர் அவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அடுத்த நாற்காலியில் ஒரு கல்லூரிப் பையன் கண்ணை மூடிக்கொண்டு தாடையைக் கொடுத்திருந்தான்.